சூட்டுக்கு அஞ்சாத நஞ்சு

கழக்கூட்டத்தில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இரண்டு காட்சிகள். முதல் காட்சி எட்டு மணி. தேசிய நெடுஞ்சாலையின் மேம்பாலத்துக்குக் கீழும் அக்கம்பக்கத்துச் சாலைகளிலும் தட்டுக்கடைகளின் அடுப்புகள் உறுமத் தொடங்கும். பெரிய இரும்பு வாணலியில் ஃப்ரைடு ரைஸ் எகிறி விழும். பார்சல் பைகள் ஸ்கூட்டர்களில் ஏறும். இரண்டாம் காட்சி நள்ளிரவுக்கு மேல். 1990-ல் தொடங்கப்பட்ட டெக்னோபார்க்கில், அமெரிக்காவின் பகலுக்குத் தங்கள் இரவை ஒப்புக்கொடுத்த இளைஞர்கள், எட்டரை மணிக்கு வந்து மேஜையோரத்தில் கிடக்கும் பொட்டலத்தை ஒரு மணிக்குப் பிரிப்பார்கள். மலையாளிகள், நாகர்கோவிலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் வந்த தமிழர்கள், வடக்கிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் இதில் ஒரே ஜாதி. பாதி உள்ளே போகும். மீதி அறைக்குப் போகும். காலையில் மைக்ரோவேவ் அடுப்பில் இரண்டு நிமிடம். ஆவி பறக்கிறது, கை சுடுகிறது, அப்புறம் என்ன பயம்?

'நன்றாகச் சூடாக்கிவிட்டால் தோஷமில்லை' என்பது நம் வீடுகளில் கேள்வி கேட்கப்படாத வேதவாக்கு. பல கிருமிகள் விஷயத்தில் அது சரிதான். ஆனால் சோற்றில் பிறக்கும் ஒரு நஞ்சுக்கு இந்த வேதம் தெரியாது. பிரஷர் குக்கருக்குள் நிலவும் வெப்பம் சுமார் 120 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் ஒன்றரை மணி நேரம் வைத்தாலும் அந்த நஞ்சு அப்படியே இருக்கும். வயிற்றின் அமிலம் அதைக் கரைக்காது. செரிமான நொதிகள் வெட்டாது. உடலுக்குள் போய் அது கை வைக்கும் இடம்தான் விசேஷமானது. நம் செல்களுக்குள் உட்கார்ந்து உணவை ஆற்றலாக மாற்றும் மைட்டோகாண்ட்ரியாவை அது பிடிக்கிறது. பாடப் புத்தகங்களில் 'இழைமணி' என்று அழகாகப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். தேர்வு முடிந்ததும் அந்தப் பெயர் மறந்துபோவது வழக்கம்.

கேரளத்தில் பார்சல் சாப்பாடு அரசாங்கத்தின் கவலையாக ஆனதற்கு ஒரு துயரமான பின்னணி இருக்கிறது. 2022 மே மாதத் தொடக்கத்தில் காசர்கோடு மாவட்டம் செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட பலர் நோயில் விழுந்தார்கள். பள்ளி மாணவி ஒருவர் இறந்தார். ஷிகெல்லா என்ற பாக்டீரியா அகப்பட்டது. வேறு சில சம்பவங்களும் சேர, 2023 ஜனவரியில் மாநில அரசு பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தடை செய்தது. பார்சல்களில் உணவு எப்போது தயாரானது, எதற்குள் சாப்பிட வேண்டும் என்று தெரிவிக்கும் சீட்டு ஒட்ட வேண்டும் என்றும் உத்தரவிட்டது. எளிதில் கெடும் சூடான உணவுகளைச் சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பது அதிகாரிகள் சொன்ன கணக்கு. இந்தச் சீட்டைப் படிப்பவர்களைவிடக் கிழித்துப் போடுபவர்களே அதிகம். அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பின்னால் இருக்கும் விஞ்ஞானத்தைச் சீட்டில் அச்சடிக்க இடமில்லை.

கெட்ட உணவு ஆளைப் படுக்க வைப்பதில் இரண்டு வகை உண்டு. ஷிகெல்லா முதல் வகை. கிருமி உயிரோடு வயிற்றுக்குள் போய், அங்கே பெருகித் தன் வேலையைக் காட்டும். காலராவும் அப்படித்தான். 1959-ல் கல்கத்தாவில் சம்புநாத் டே என்ற மருத்துவ விஞ்ஞானி, முயலின் குடலில் செய்த பரிசோதனையின் மூலம், காலரா நோயாளியிடமிருந்து நீரை வாரி இறைப்பது அந்தக் கிருமி கக்கும் நஞ்சுதான் என்று நிரூபித்தார். (நோபல் கமிட்டி அவரைக் கண்டுகொள்ளவில்லை என்பது தனிக் கதை.) அந்த நஞ்சு குடலுக்குள் போன பிறகு தயாராவது. கொதிக்க வைத்தால் கிருமி செத்துவிடும், கதை முடிந்தது.

இரண்டாம் வகையில் நஞ்சு பாத்திரத்திலேயே தயாராகிவிடுகிறது. செய்த கிருமி செத்துப்போனாலும் செய்து வைத்த சரக்கு இருக்கும். இதில் முக்கியமான ஆசாமி பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா. பெயரில் உள்ள 'சீரியஸ்' லத்தீன் சொல். மெழுகு போன்றது என்று பொருள். மண்ணில் எங்கும் இருப்பது. நெல்லோடு களத்துக்கு வந்து, அரிசியோடு சமையலறைக்கு வருகிறது. அதற்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. சூழ்நிலை சரியில்லை என்றால் கெட்டியான உறையைப் போர்த்திக்கொண்டு விதைபோல உறங்கிவிடும். ஸ்போர் என்கிறார்கள். சோறு கொதிக்கும்போது மற்ற கிருமிகள் எல்லாம் மடிய, ஸ்போர்களில் பல பிழைத்துக்கொள்கின்றன. அடுப்பை அணைத்துச் சோறு வெதுவெதுப்புக்கு இறங்கியதும் அவை கண் விழிக்கும். போட்டிக்கு ஆள் இல்லை, ஈரம் இருக்கிறது, மாவுச்சத்து குவிந்து கிடக்கிறது, திருவனந்தபுரத்தின் இரவோ சென்னையின் இரவோ இதமாக இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

1970களின் தொடக்கத்தில் பிரிட்டனில் இது முதன்முதலில் பிடிபட்டது. சீன உணவகங்களில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்டவர்கள் சில மணி நேரத்தில் வாந்தி எடுத்தார்கள். விசாரித்தால், சமையல்காரர்கள் சோற்றை மொத்தமாக வடித்து, இரவு முழுவதும் வெளியிலேயே வைத்திருந்தார்கள். குளிர்பெட்டியில் வைத்தால் பருக்கைகள் கட்டி தட்டிவிடும், வறுக்கும்போது உதிராது என்பது அவர்களின் தொழில் ரகசியம். ருசிக்காகச் செய்த ஏற்பாடு பாக்டீரியாவுக்கு வசதியாகிவிட்டது. மறுநாள் வாணலியின் தீ கிருமிகளைக் கொன்றது, நஞ்சைத் தொடவில்லை.

அந்த நஞ்சின் வடிவத்தை ஜப்பானிய விஞ்ஞானிகள் 1990களின் நடுவில் கண்டுபிடித்து 'செரியுலைட்' என்று பெயரிட்டார்கள். அதுதான் வாந்தியை உண்டாக்குகிறது என்று நிரூபிக்க அவர்களுக்கு ஒரு சிக்கல் இருந்தது. ஆய்வகங்களின் நிரந்தர பலியாடுகளான எலிக்கும் சுண்டெலிக்கும் வாந்தி எடுக்க வராது. இயற்கை அவற்றுக்கு அந்த வசதியைக் கொடுக்கவில்லை. கடைசியில் கைகொடுத்தது மூஞ்சூறு. பிள்ளையாரின் வாகனம் என்று நம்மவர்கள் விரட்டாமல் விடுகிற அதே நீண்ட மூக்குப் பிராணி. அதற்கு நன்றாகவே வாந்தி வரும். ஒரு கிலோ உடல் எடைக்குச் சுமார் 10 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமின் லட்சத்தில் ஒரு பங்கு, செரியுலைட் கொடுத்ததும் மூஞ்சூறு வாந்தி எடுத்தது. வயிற்றிலிருந்து மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பை அந்த நஞ்சு உசுப்பிவிடுவதே காரணம்.

வாந்தியோடு நின்றுவிட்டால் இது ஒரு தொந்தரவு, அவ்வளவே. பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் முடிகிறது. சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கி, ஒரு நாளில் அடங்கிவிடும். 'ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை' என்று சொல்லிச் சுக்குக் கஷாயம் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். ஆனால் எப்போதாவது அது நிற்பதில்லை. 1997-ல் மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான ஒரு சுவிட்சர்லாந்துச் சம்பவம் இது. 17 வயதுப் பையனும் அவன் அப்பாவும் நான்கு நாள் முன்பு சமைத்த ஸ்பகெட்டியைச் சூடாக்கிச் சாப்பிட்டார்கள். இருவருக்கும் வாந்தி, பேதி. அப்பா தேறினார். பையனின் கல்லீரல் இரண்டே நாளில் செயலிழந்தது, இறந்துபோனான். அவன் கல்லீரலிலும் பித்தநீரிலும் செரியுலைட் இருந்தது. கல்லீரலின் மைட்டோகாண்ட்ரியா கொழுப்பை எரிக்க முடியாமல் முடங்கியிருந்ததை ஆய்வு காட்டியது.

2003-ல் பெல்ஜியத்தில் ஒரு குடும்பத்தின் ஐந்து குழந்தைகள், பிக்னிக்குக்குக் கொண்டுபோய் மீந்த பாஸ்தா சாலட்டை இரண்டு நாள் கழித்துச் சாப்பிட்டார்கள். குளிர்பெட்டியில்தான் வைத்திருந்தார்கள். பிறகு அளந்து பார்த்தபோது பெட்டிக்குள் 14 டிகிரி இருந்தது. ஏழு வயதுச் சிறுமி இறந்தாள். அதே நாட்டில் 2008-ல் இருபது வயது மாணவர் ஒருவர், ஐந்து நாள் சமையலறையில் வெளியிலேயே கிடந்த ஸ்பகெட்டியை மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தார். மறுநாள் எழுந்திருக்கவில்லை. இவை அபூர்வமானவை. நாட்கணக்கில் வைத்திருந்த உணவால் நேர்ந்தவை. ஆனாலும் மூன்றிலும் ஒரே சங்கதி: செத்தவர்கள் இளம் வயதினர், திடகாத்திரமானவர்கள்.

மைட்டோகாண்ட்ரியாவுக்குள் என்ன நடக்கிறது? ஒரு கல்லீரல் செல்லில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மைட்டோகாண்ட்ரியாக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு சவ்வுகள். உட்சவ்வு புடவைக் கொசுவம்போல மடிப்பு மடிப்பாக இருக்கும். இடத்தைக் குறைத்துப் பரப்பைக் கூட்டும் உத்தி அது. இந்த உட்சவ்வை ஓர் அணைக்கட்டு என்று வைத்துக்கொள்ளலாம். நாம் சாப்பிடுவதை எரித்துக் கிடைக்கும் சக்தியால் ஹைட்ரஜன் அயனிகள் வெளிப்பக்கம் ஏற்றித் தேக்கப்படுகின்றன. அதனால் உட்புறம் எதிர்மின்னாக, வெளிப்புறம் நேர்மின்னாக ஒரு மின் அழுத்தம் உண்டாகிறது. தேங்கிய அயனிகள் ஒரு குறிப்பிட்ட மதகு வழியாக மட்டுமே திரும்ப வர முடியும். வரும்போது அங்கிருக்கும் சின்னஞ்சிறு டர்பைன் நிஜமாகவே சுழல்கிறது. அந்தச் சுழற்சியில்தான் உடலின் செலவாணிப் பணமான அடினோசின் டிரைபாஸ்பேட் தயாராகிறது. அது செலவானால் அடினோசின் டைபாஸ்பேட் ஆகிவிடும். ஆங்கிலத்தில் ஒரு எழுத்தால் வேறுபடும் இந்த இரண்டின் சுருக்கமும் தமிழில் ஒரே மாதிரி விழுவதால், நிறைந்த சிலிண்டர், காலி சிலிண்டர் என்று சொல்லிவிடுவது குழப்பத்தைத் தவிர்க்கும். ஒரு நாளில் ஒரு மனிதனின் உடல் புழங்கும் நிறைந்த சிலிண்டர்களைக் கூட்டினால் அது ஏறத்தாழ அவன் எடைக்குச் சமம். அதே சிலிண்டர்கள் மறுபடி மறுபடி நிரப்பப்படுகின்றன.

அணை வேலை செய்ய வேண்டுமானால் அதில் ஓட்டை இருக்கக் கூடாது. செரியுலைட் ஓட்டை போடுவதில்லை. அதைவிடத் தந்திரமாகப் பரிசல் விடுகிறது. பன்னிரண்டு கண்ணிகள் கோத்த வளையம் அது. வெளிப்பக்கம் எண்ணெய்ப் பசை. கொழுப்பாலான சவ்வுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். உட்பக்கக் குழியில் ஒரு பொட்டாசியம் அயனி அச்சாகப் பொருந்தும். ஒகேனக்கல் பரிசல் போல வட்டமாக இருக்கும் இந்தப் பரிசல், செல்லின் திரவத்தில் ஏராளமாக உள்ள பொட்டாசியத்தை ஏற்றிக்கொண்டு உட்சவ்வைக் கடக்கிறது. உள்ளே எதிர்மின் இழுக்கிறது அல்லவா, அந்த இழுப்பே துடுப்பு. இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பி அடுத்த சவாரி ஏற்றும். உள்ளே பொட்டாசியம் பெருகினால் அதைத் தொடர்ந்து தண்ணீரும் போகும். மைட்டோகாண்ட்ரியா ஊதும். மடிப்புகள் விரிந்து காணாமல் போகும். மின் அழுத்தம் சரியும். டர்பைன் நிற்கும். கல்லீரலுக்கு இந்த அடி பலமாக விழுவதில் ஆச்சரியமில்லை. குடலிலிருந்து வரும் ரத்தம் முதலில் போவது அங்கேதான். இடைவிடாமல் எரித்துக்கொண்டிருக்கும் உறுப்பும் அதுதான்.

ஜப்பானியர்கள் வளர்ப்புச் செல்களில் இந்த நஞ்சைச் சேர்த்தபோது செல்களுக்குள் குமிழ் குமிழாக ஏதோ தோன்றியது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், அவை ஊதிப் பெருத்த மைட்டோகாண்ட்ரியாக்கள். ஃபின்லாந்தில் இதையே இன்னும் சுலபமாக்கினார்கள். பன்றிப் பண்ணைகளுக்குச் செயற்கைக் கருவூட்டலுக்காக விற்கப்படும் ஆண் பன்றியின் விந்தை வாங்கி, சந்தேகத்துக்குரிய பாக்டீரியாவின் சாற்றை அதில் கலந்தார்கள். விந்தணுவின் வால் அசைய மைட்டோகாண்ட்ரியா வேண்டும். செரியுலைட் இருந்தால் நீச்சல் நின்றுவிடும். 1998-ல் இந்தச் சோதனை முறை வெளியானது. விலை மலிவு, கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். மூஞ்சூறுகளும் பிழைத்தன.

பாக்டீரியாவின் நஞ்சுகளில் பல இப்படி மைட்டோகாண்ட்ரியாவைத் தேடிப் போவது தற்செயலா? முழுக்கத் தற்செயல் என்று சொல்வதற்கில்லை. மைட்டோகாண்ட்ரியாவே ஒரு காலத்தில் பாக்டீரியாதான். 150 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் வேறொரு செல்லுக்குள் புகுந்து, செரிக்கப்படாமல் தங்கி, வீட்டோடு மாப்பிள்ளை ஆகிவிட்ட உயிர். லின் மார்குலிஸ் 1967-ல் இதை எழுதியபோது பதினைந்து இதழ்கள் போலத் திருப்பி அனுப்பிவிட்டன. இன்று எல்லாப் பாடப் புத்தகங்களிலும் இருக்கிறது. வந்த வீட்டில் சொத்தில் பெரும்பகுதியைக் கரைத்துவிட்டாலும் 37 மரபணுக்களைத் தனியாக முடிந்து வைத்திருக்கிறது. புரதம் செய்யும் தன் சொந்தப் பட்டறை இன்றும் பாக்டீரியா ஜாடையில்தான். 2018 வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சலைத் தடுக்கக் கேரளத்தில் விநியோகிக்கப்பட்ட டாக்ஸிசைக்ளின் மாத்திரை பாக்டீரியாவின் அந்தப் பட்டறையைத்தான் நிறுத்துகிறது. அளவு மிக அதிகமானால் நம் மைட்டோகாண்ட்ரியாவின் பட்டறையும் மந்தமாகும் என்பது ஆய்வகத்தில் தெரிந்த விஷயம். டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுபவர்கள் இதற்காகக் கலங்க வேண்டியதில்லை.

ஒரு பாக்டீரியா, பக்கத்து பாக்டீரியாவோடு போட்டி போட உருவாக்கிய ஆயுதம் பழைய சொந்தக்காரன் மேலும் பாய்கிறது. பேசில்லஸ் சீரியஸுக்கு மனிதனின் கல்லீரல்மேல் எந்தப் பகையும் இல்லை. பொட்டாசியம் குறைந்த இடத்தில் அதைச் சேகரிக்கவே இந்தப் பரிசலைக் கட்டியது என்று ஒரு கருத்தும் உண்டு.

வேறு சில கிருமிகள் வேண்டுமென்றே குறிவைக்கின்றன. இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி, இதைக் கண்டறிந்த பேரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு வாங்கித் தந்த கிருமி, ஒரு புரதத்தைச் சுரக்கிறது. அது இரைப்பைச் செல்களின் மைட்டோகாண்ட்ரியாவரை போய் உட்சவ்வில் வாய்க்கால் வெட்டுகிறது. மைட்டோகாண்ட்ரியா பாடப் புத்தகப் படத்தில் உள்ள அவரைக்கொட்டை மாதிரி தனித்தனியாகக் கிடப்பதில்லை. செல்லுக்குள் கொடிபோல நீண்டு, கிளைத்து, ஒன்றோடொன்று இணைந்தும் பிரிந்தும் அலைந்துகொண்டிருக்கும். பிரிப்பதற்கென்று செல்லிடம் ஒரு புரதம் இருக்கிறது. பைலோரியின் நஞ்சு அதே புரதத்தை ஏவிவிட்டுக் கொடியைத் துண்டு துண்டாக நறுக்கிவிடுகிறது. லிஸ்டீரியா என்ற கிருமியின் நஞ்சும் நறுக்குகிறது, ஆனால் சிறிது நேரத்துக்கு மட்டும். 2011-ல் பாரிஸ் பாஸ்டர் நிலையத்தில் பார்த்தபோது, துண்டான மைட்டோகாண்ட்ரியாக்கள் பிறகு மறுபடி ஒட்டிக்கொண்டன. வீட்டுக்குள் நுழையும்வரை மெயின் சுவிட்சை அணைத்து வைக்கும் திருடனின் வேலை.

தேங்காய் விளையும் ஊரில் சொல்ல வேண்டிய இன்னொரு நஞ்சு இருக்கிறது. இந்தோனேஷியாவின் ஜாவாவில், எண்ணெய் பிழிந்தெடுத்த தேங்காய்ச் சக்கையைப் பூஞ்சையால் நொதிக்க வைத்து 'டெம்பே போங்க்ரெக்' என்று ஒரு பண்டம் செய்வார்கள். ஏழைகளின் புரதம். பூஞ்சை நன்றாகப் பிடித்தால் அமிர்தம். பிடிக்காமல் பர்க்ஹோல்டேரியா என்ற பாக்டீரியா முந்திக்கொண்டால் ஊரில் சாவு விழும். 1930களில் டச்சு விஞ்ஞானிகள் மெர்ட்டன்ஸும் வான் வீனும் அந்த பாக்டீரியாவையும் அதன் நஞ்சையும் பிரித்தெடுத்தார்கள். போங்க்ரெக் அமிலம் என்று பெயர். நிறமில்லை, மணமில்லை, ருசி இல்லை, சூட்டுக்கு அஞ்சுவதில்லை. தேங்காயின் கொழுப்பு அமிலங்கள் இருந்தால் அது அதிகம் சுரக்கும். பலமுறை நூற்றுக்கணக்கில் பலி வாங்கிய பிறகு 1988-ல் அந்த நாடு டெம்பே போங்க்ரெக்கைத் தடை செய்தது.

இந்த நஞ்சு அணையைத் தொடுவதில்லை. டர்பைன் ஓடும். நிறைந்த சிலிண்டர்கள் தயாராகும். ஆனால் அவை வெளியே போய், காலி சிலிண்டர்கள் உள்ளே வர ஒரே ஒரு ஜன்னல்தான் உண்டு. அந்தப் புரதம் ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் திறக்கும். உள்ளே திறந்து நிறைந்ததை வாங்கும், வெளியே திறந்து கொடுத்துவிட்டுக் காலியை வாங்கும். போங்க்ரெக் அமிலம் ஜன்னல் உட்பக்கம் திறந்திருக்கும் சமயம் பார்த்து அதில் போய் ஆப்பாக இறங்கிவிடுகிறது. கிடங்கு நிறைய காஸ், வீட்டில் அடுப்பு எரியவில்லை. இந்த ஆப்பு எப்படி மாட்டியிருக்கிறது என்பதைக் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகள் 2019-ல் அணு அணுவாகப் படம் பிடித்தார்கள்.

மொசாம்பிக்கில் 2015 ஜனவரியில் ஒரு சாவு வீட்டில் குடித்த உள்ளூர் பீரால் 75 பேர் இறந்தார்கள். முதலில் பழி முதலையின் பித்தநீர் மேல் விழுந்தது. யாரோ கலந்துவிட்டார்கள் என்று பேச்சு. கடைசியில் கெட்டுப்போன சோளமாவில் இருந்த போங்க்ரெக் அமிலம்தான் என்று தெரிந்தது. 2020 அக்டோபரில் சீனாவின் வடகிழக்கில் ஒரு குடும்பம், ஏறக்குறைய ஒரு வருடம் உறைபெட்டியில் வைத்திருந்த புளித்த சோள நூடுல்ஸைச் சமைத்தது. சாப்பிட்ட ஒன்பது பேரும் இறந்தார்கள். ருசி பிடிக்காது என்று தட்டைத் தள்ளிய மூன்று பிள்ளைகள் பிழைத்தார்கள். 2024 மார்ச்சில் தாய்பெய் நகரின் ஓர் உணவகத்தில் அரிசி நூடுல்ஸ் சாப்பிட்டவர்களில் முப்பதுக்கு மேற்பட்டோர் படுத்தார்கள்; சிலர் இறந்தார்கள். இதற்கு மாற்று மருந்து இல்லை. செரியுலைட்டுக்கும் இல்லை. டாக்டர்களால் நீரும் சர்க்கரையும் ஏற்றி, உறுப்புகளைத் தாங்கிப் பிடித்துக் காத்திருக்க முடியும். கல்லீரல் போய்விட்டால் மாற்றுக் கல்லீரல்தான் வழி.

அப்படியானால் புளித்ததையும் பழையதையும் தின்றே வளர்ந்த தென்னாட்டுக்காரர்கள் எப்படிப் பிழைத்தார்கள்? புளிப்பு காப்பாற்றியது. இட்லி மாவிலும் ஆப்ப மாவிலும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு மாவைப் புளிக்க வைத்துவிடுகின்றன. அந்தப் புளிப்பில் பேசில்லஸ் சீரியஸும் பர்க்ஹோல்டேரியாவும் தலையெடுப்பது கடினம். ஜப்பானியர்கள் சுஷிச் சோற்றில் வினிகர் கலப்பதும் இதே தத்துவம்தான். கோவில் புளியோதரை மூட்டையில் கட்டிக்கொண்டு போகத் தாங்கியதற்கும் புளிதான் காரணம். ஆனால் சோறு ஆறி ராத்திரி முழுக்கக் கிடந்த பிறகு புளிக்காய்ச்சலைக் கலந்தால் அது பிராயச்சித்தம் ஆகாது. பழைய சோறும் அப்படியே. வடித்த சோறு ஆறியவுடன் தண்ணீரை ஊற்றி மூடிய பாட்டிக்கு லாக்டிக் அமிலம் தெரியாது, நேரம் தெரியும். சட்டியில் வெறுமனே விட்டுவிட்டுக் காலையில் எலுமிச்சை பிழிந்து தாளிப்பது வேறு. அமிலம் பாக்டீரியாவைத்தான் தடுக்கும். ஏற்கெனவே ஊறிவிட்ட நஞ்சை ஒன்றும் செய்யாது.

குளிர்பெட்டி வந்தபின் இந்தக் கணக்குகளை எல்லோரும் மறந்துவிட்டார்கள். பெட்டி என்பது அலமாரி இல்லை. 5 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது காவல். மேலும் ஒரு பெரிய பாத்திரச் சோற்றை அப்படியே உள்ளே வைத்தால் நடுவில் இருக்கும் சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும். பிரிட்டனின் உணவுப் பாதுகாப்பு அமைப்பு மீந்த சோற்றை ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றிக் குளிர்பெட்டியில் வைக்கவும், 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காமல் இருக்கவும் சொல்கிறது. அகலமான தட்டில் பரப்பினால் சீக்கிரம் ஆறும். நம் கல்யாண வீடுகளில் மிஞ்சிய சாதத்தைப் பெரிய பாயில் கொட்டிப் பரப்பி வைத்த சமையல்காரர்கள் இதைச் சர்டிபிகேட் இல்லாமலே அறிந்திருந்தார்கள். மின்வெட்டு வந்துபோன ராத்திரிக்குப் பிறகு பெட்டியில் இருக்கும் சோற்றை மோந்து பார்ப்பதில் பயனில்லை. செரியுலைட்டுக்கு வாசனை கிடையாது.

வாந்தி நின்ற பிறகும் ஆள் அசந்து கிடந்தால், பேச்சு குழறினால், கண் மஞ்சளித்தால், குழந்தை கூப்பிட்டதற்குப் பதில் சொல்லாவிட்டால், வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. சர்க்கரை தடாலென்று இறங்கியிருக்கலாம்; ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கலாம். இரண்டும் மைட்டோகாண்ட்ரியா வேலைநிறுத்தம் செய்வதன் அடையாளங்கள். என்ன சாப்பிட்டார், அது எப்போது சமைத்தது என்ற இரண்டு விவரங்களையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இரண்டாவதைத்தான் யாரும் சொல்வதில்லை. கழக்கூட்டத்துப் பார்சலில் ஒட்டியிருக்கும் அந்தச் சின்னச் சீட்டு இந்த இடத்தில் உபயோகப்படும், கிழித்துப் போடாமல் இருந்தால்.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உணவு விஷமாகிவிட்டது என்று புகார் வந்தால் ஆய்வகங்கள் வழக்கமாகச் செய்வது, மிச்சமிருக்கும் உணவிலிருந்து பாக்டீரியாவை வளர்த்து எண்ணிப் பார்ப்பது. நன்றாகச் சூடாக்கிய ஃப்ரைடு ரைஸில் கிருமிகள் பெரும்பாலும் செத்திருக்கும். எண்ணிக்கை குறைவு என்று முடிவு வரலாம். நஞ்சு மட்டும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அதைப் பிடிக்க, பொருளை மூலக்கூறு எடையால் அடையாளம் காணும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்ற விலையுயர்ந்த கருவி வேண்டும். செரியுலைட்டை அப்படி அளப்பதற்கான சர்வதேசத் தரமுறை 2017-ல்தான் வந்தது. இந்தப் பெயரை ஒரு விசாரணை அறிக்கையில் பார்ப்பது அரிது என்பதை, இந்த நஞ்சே நம் ஊரில் அரிது என்று எடுத்துக்கொள்ள முடியாது, தேடினால்தான் கிடைக்கும். கேரளம் சீட்டு ஒட்டச் சொன்னதோடு நிற்காமல், இறப்பு நேர்ந்த ஒவ்வொரு சம்பவத்திலும் கிருமியோடு நஞ்சையும் தேடச் சொன்னால் மற்ற மாநிலங்களுக்கு அது உபயோகமான முன்மாதிரி.

சுவிட்சர்லாந்துப் பையனின் விஷயத்தில் டாக்டர்களால் உறுதியாகச் சொல்ல முடிந்ததற்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு. ஸ்பகெட்டியைச் சூடாக்கிய வாணலியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துப் பார்த்தபோது அதிலும் நஞ்சு நிறைய இருந்தது. சாப்பிட்டு யாருக்காவது உடம்பு சரியில்லாமல் போனால் நம் வீடுகளில் முதலில் நடப்பது, பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மிச்சத்தைக் குப்பையில் கொட்டுவது.